கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றிப் பாருங்கள்: வீட்டுத் தண்ணீர் ஆற்றுக்குப் போகும் வழியும் லோஜி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) செய்யும் வேலையும்

முதலில் ஒரு பாக்கெட் சிவப்புக் கேசரிப் பவுடர் வாங்கி வையுங்கள். அரைத் தேக்கரண்டி எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரையுங்கள். வீட்டில் ஒருவரை வெளியே லோங்காங் (வீட்டோரச் சாக்கடை) ஓரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, அந்த வாளியைச் சமையலறை சிங்கில் ஊற்றுங்கள். மழை இல்லாத நாளாக, லோங்காங்கில் தண்ணீர் குறைவாக ஓடும் நேரமாக இருந்தால் நல்லது. ஐந்து நிமிடம் பொறுங்கள்.

எங்கள் வீட்டில் ஐந்து நிமிடம் தேவைப்படவில்லை. நான் ஊற்றி முடிப்பதற்குள் வெளியே நின்ற மகள், "அப்பா, வந்திருச்சு, செவப்பா வருது" என்று கத்தினாள். போய்ப் பார்த்தால், சுவரோரக் குழாயிலிருந்து சிவப்புத் தண்ணீர் கொட்டி, பாசி படிந்த சிமெண்டில் நீளக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் இரவு கழுவிய மீன்குழம்புச் சட்டியின் எண்ணெய் அந்தப் பாசியின்மேல் இன்னும் பளபளவென்று ஒட்டியிருந்தது. அந்த லோங்காங் எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் பாரிட் என்கிற பெரிய வாய்க்காலில் சேர்கிறது, பாரிட் செம்பனைக் காட்டு ஓரமாகப் போய் ஆற்றில் விழுகிறது. நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. இத்தனை வருடம் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் பில் ஒழுங்காகக் கட்டி, வீட்டிலிருந்து வெளியேறுவது எல்லாம் லோஜிக்குத்தான் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, பெயர் மாறினாலும் தோட்டத்து ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே ஓடுவது சிலாங்கூர் ஆறு. இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் இங்கே பக்கத்தில் எடுத்துச் சுத்தம் செய்து கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அனுப்புகிறார்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் ரசாயனம் கலந்து நாற்றம் அடித்தபோது, நான்கு குடிநீர் நிலையங்களை மூடி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். இதே ஆறு கீழே கம்போங் குவாந்தான் பக்கம் போகும்போது, கரையில் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் மின்மினி ஆயிரக்கணக்கில் ஒன்றாக மின்னும். அந்த மின்மினியின் புழு ஆற்றங்கரைச் சேற்றில் இருக்கும் நத்தையைத் தின்று வளர்கிறது, சேறு கெட்டால் நத்தை போகும், அப்புறம் மின்மினியும் போகும்.

சரி, சோதனைக்கு வருவோம். நிறம் லோங்காங்கில் வந்தால் உங்கள் சமையலறைத் தண்ணீர் நேராக ஆற்றுக்குப் போகிறது. பழைய தாமான்கள் பலவற்றில் இப்படித்தான்: கழிவறை மட்டும் செப்டிக் தொட்டிக்கோ தரையடிக் கழிவுக் குழாய்க்கோ போகும், சமையலறையும் துணி துவைக்கும் இடமும் லோங்காங்கில் விழும். கட்டிய காலத்தில் அதுதான் வழக்கம், யாரும் ஏமாற்றிச் செய்ததில்லை. புதிய தாமான்களில் எல்லாம் ஒரே குழாயில் லோஜிக்குப் போகிறது, ஆனால் பின்பக்கத்தை நீட்டிக் கட்டிய வீடுகளில் கொத்தனார் சிங்க் குழாயைச் சுலபமாக லோங்காங்கில் விட்டிருப்பார். அதனால் வீடு புதிது என்று விட்டுவிடாமல் ஊற்றிப் பாருங்கள்.

அடுத்து கழிவறை. அதே பவுடரைக் கழிவறையில் போட்டு இரண்டு மூன்று முறை தண்ணீர் விடுங்கள். லோங்காங்கில் நிறம் தெரியவே கூடாது. தெரிந்தால் குழாய் உடைந்திருக்கிறது, அல்லது செப்டிக் தொட்டி நிரம்பி வழிகிறது, அல்லது யாரோ தப்பாக இணைத்திருக்கிறார்கள். மூன்றுமே உடனே சரிசெய்ய வேண்டியவை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: நிறம் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகத் தெருவில் இருக்கும் மேன்ஹோல் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு தேங்கியிருக்கும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும், அளவு கூடினால் அந்த வாடையே தெரியாமல் மூக்கு மரத்துப்போகும், அதற்குள் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த கதைகள் நம் ஆட்களுக்குள்ளேயே உண்டு. வெளியே நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனைக்குப் பவுடர் வேண்டாம், நல்ல சாயங்கால மழை போதும். கூரைத் தாழ்வாரத்து நீர் எங்கே போகிறது என்று நின்று பாருங்கள். அது லோங்காங்கில் விழ வேண்டும். சில வீடுகளில் முற்றம் தேங்குகிறது என்று கழிவுக் குழாயின் மூடியைத் திறந்து மழைநீரை அதற்குள் விடுகிறார்கள். அது ஏன் பெரிய கெடுதல் என்பது லோஜி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் புரியும், அதனால் அங்கே போய்விட்டு வருவோம்.

லோஜிக்குள் என்ன நடக்கிறது

மலேசியாவில் பொதுக் கழிவுநீர் நிலையங்கள் ஏழாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, அதில் நிறைய, தாமான் பின்னால் வேலி போட்டு நிற்கும் சின்ன நிலையங்கள்தான். நாம் லோஜி என்று சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறோமே, அதுதான். என் மச்சான் ஒருவர் அப்படி ஒரு நிலையத்தில் ஓபரேட்டராக இருக்கிறார். ஒரு ஞாயிறு காலை அனுமதி வாங்கி என்னை உள்ளே கூட்டிப்போனார்.

வாசலில் முதல் வேலை கம்பிச் சல்லடை. அதில் அன்று சிக்கியிருந்ததை அப்படியே சொல்கிறேன்: ஈரத் துடைப்புத் தாள்கள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு ஒரு கட்டு, நாப்கின்கள், ஒரு குழந்தைச் சட்டை, தலைமுடி, தேங்காய் நார். மச்சான் வாருகோலால் இழுத்து வாளியில் போட்டபடியே, "மாப்பிள்ளை, பாக்கெட்டுல 'கழிவறையில் போடலாம்'னு எழுதியிருக்கும், நம்பாதீங்க, அது கரையாது, பம்புல போய்ச் சுத்திக்கும்" என்றார். பம்ப் நின்றால் கழிவுநீர் மேலே உள்ள மேன்ஹோலில் பொங்கி லோங்காங்குக்குப் போகும், அங்கிருந்து ஆறுதான்.

அதற்கடுத்து மணலும் எண்ணெயும் பிரியும் தொட்டி. பிறகுதான் முக்கியமான இடம், காற்றுத் தொட்டி. அடியிலிருந்து காற்று ஊதிக்கொண்டே இருக்கும், தொட்டி முழுக்கப் பழுப்பாகக் கொதிப்பது மாதிரி இருக்கும். அதில் இருப்பது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். கழிவைத் தின்பவை அவைதான், இயந்திரங்கள் அவற்றுக்குக் காற்றும் இடமும் கொடுப்பதோடு சரி. நல்ல நிலையில் இருந்தால் அந்தத் தொட்டி நாறாது, மழைக்குப் பிந்திய மண் வாடைதான் வரும். நான் நம்பாமல் குனிந்து மோந்தே பார்த்தேன்.

மச்சான் ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் அந்தப் பழுப்புத் தண்ணீரை மொண்டு மேசைமேல் வைத்து, அரை மணி நேரம் கைவைக்கக் கூடாது என்றார். முதலில் காப்பி மாதிரி கலங்கல். இரண்டு மூன்று நிமிடத்தில் உள்ளே திப்பி திப்பியாகச் சேர ஆரம்பித்தது, அப்புறம் அந்தத் திப்பி எல்லாம் ஒரு போர்வை மாதிரி மெதுவாக இறங்கியது. அரை மணியில் அடியில் கால்வாசிக்குப் பழுப்பு வண்டல், மேலே பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிந்த நீர். "இது இப்படி இறங்குனா ஆறு பொழைச்சுது" என்றார். வண்டல் இறங்காமல் பஞ்சு மாதிரி மிதந்தால் நார் போல வளரும் ஒரு வகை நுண்ணுயிர் பெருகிவிட்டது என்று பொருள், கறுப்பாக இருந்தால் காற்றுப் போதவில்லை. தினமும் இந்த உருளையைப் பார்த்துத்தான் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும்.

அந்த உருளைக்குள் நடந்ததுதான் அடுத்த தொட்டியில் பெரிய அளவில் நடக்கிறது. வண்டல் கீழே தங்கும், தெளிந்த நீர் விளிம்பில் வழிந்து ஆற்றுக்குப் போகும். கீழே தங்கிய வண்டலில் பெரும்பகுதியை மறுபடி காற்றுத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். தயிருக்கு உறை மோர் எடுத்து வைப்பது மாதிரிதான் இது, பழைய உயிர்கள் இருந்தால்தான் புதிதாக வரும் கழிவைச் சீக்கிரம் தின்ன முடியும். மிஞ்சுவதை வெளியே எடுத்துக் காயவைக்கிறார்கள். எல்லா ஊரிலும் இந்த முறை இல்லை, சின்ன ஊர்கள் சிலவற்றில் காற்று ஊதும் தொட்டிக்குப் பதில் பெரிய குளமும் வெயிலும் பாசியும் இதே வேலையை மெதுவாகச் செய்கின்றன.

இனி எண்களைப் பார்க்கலாம். லோஜி கட்டும்போது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று கணக்கு வைக்கிறார்கள். உள்ளே வரும் நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது, அந்தக் கழிவை ஐந்து நாளில் நுண்ணுயிர்கள் சிதைக்க அவ்வளவு ஆக்சிஜன் தேவை. 2009 கழிவுநீர் ஒழுங்குவிதிப்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் விடும் புதிய நிலையம் அந்த பி.ஓ.டி.யை 20-க்குக் குறைக்க வேண்டும், இது ஏ தரம். மற்ற இடங்களில் பி தரம், 50. அம்மோனியா நைட்ரஜனுக்கு (அம்மோனியாவாக இருக்கும் நைட்ரஜன்) ஆற்றில் விடும்போது ஏ தரத்தில் 10, பி தரத்தில் 20. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு எண் சொன்னால் அளவு பிடிபடும்: செம்பனை மில் கழிவின் பி.ஓ.டி. சுமார் 25,000. மில் குளத்து வாடை எவ்வளவு தூரம் வீசும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் மில்லுக்கென்று 1977-லேயே தனிச் சட்டவிதி வந்தது.

ஆக்சிஜனை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், ஆற்றில் மீன் சாவது பெரும்பாலும் அழுக்கு விஷமாகி இல்லை, மூச்சு முட்டித்தான். நம் சூட்டில் ஆற்று நீர் ஒரு லிட்டரில் ஏழு எட்டு மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். கழிவு உள்ளே போனால் அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் அந்த ஆக்சிஜனை முதலில் இழுத்துக்கொள்ளும். லோஜி செய்வது, ஆற்றில் நடக்க வேண்டிய அந்தச் சாப்பாட்டை வேலிக்குள்ளேயே, ஊதிவிட்ட காற்றில் முடித்து அனுப்புவது. அம்மோனியாவும் அப்படித்தான்: அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மிக மெதுவாக வளர்பவை, ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு நாலரை கிராம் ஆக்சிஜன் கேட்பவை. அது ஆற்றில் தப்பிப் போனால் மீனுக்கும் ஆகாது, கீழே குடிநீர் எடுக்கும் நிலையத்தில் போடும் குளோரினையும் விழுங்கிவிடும். அளவு மீறினால் அந்த நிலையத்தையே நிறுத்திவிட வேண்டியதாகும்.

இப்போது மழைநீருக்கு வருகிறேன். அந்தக் கண்ணாடி உருளையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டல் இறங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றினால் என்ன ஆகும்? நாற்பது ஐம்பது வீட்டுக் கூரைத் தண்ணீர் ஒரே மழையில் கழிவுக் குழாய்க்குள் வந்தால் அதுதான் நடக்கிறது, வளர்த்த உயிர்கள் வண்டலோடு விளிம்பு தாண்டி ஆற்றுக்குப் போய்விடும், மறுபடி பெருக நாள்கள் ஆகும், மெதுவாக வளரும் அம்மோனியா உயிர்களுக்கு வாரங்கள்கூட ஆகும். மழை நின்ற பிறகும் அத்தனை நாள் லோஜி பாதி வேலைதான் செய்யும். உங்கள் வீட்டில் அப்படி இணைப்பு இருந்தால் இந்த மாதமே பிரித்துவிடுங்கள்.

எண்ணெய்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமையலில் எண்ணெய் அதிகம், தீபாவளி வந்தால் இன்னும் அதிகம். முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய் ஒரு லிட்டரை முழுதாகச் சிதைக்க இரண்டு கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். அது சுமார் மூன்று லட்சம் லிட்டர் ஆற்று நீரில் இருக்கும் மொத்த ஆக்சிஜனுக்குச் சமம். லோஜிக்குப் போனாலும் முப்பது நாற்பது பேர் ஒரு நாளில் கொடுக்கும் சுமையை ஒரே வீட்டில் ஒரே இரவில் கொடுத்த மாதிரி. அதுவும் போய்ச் சேர்ந்தால்தான். பெரும்பாலும் வழியிலேயே குளிர்ந்து குழாய்ச் சுவரில் ஒட்டி, சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கட்டியாக இறுகி அடைத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. பொரித்த எண்ணெயை ஆறவைத்து, பழைய எண்ணெய்ப் போத்தலிலேயே வடிகட்டி ஊற்றி மூடி வையுங்கள். பயோடீசல் செய்வதற்காகப் பழைய எண்ணெயைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள், எங்கள் தாமானில் கோயில் மகளிர் குழு ஒரு டின் வைத்து எல்லார் வீட்டு எண்ணெயையும் சேர்த்து விற்கிறது. குழம்புச் சட்டியையும் தோசைக்கல்லையும் கழுவுவதற்கு முன் பழைய பேப்பரால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் எண்ணெய் கரைந்து போய்விடும் என்பார்கள், அது நாலு அடி தள்ளி மறுபடி உறைகிறது, அவ்வளவுதான்.

உணவுக்கடை வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் பிடிக்கும் தொட்டி கட்டாயம் வேண்டும், அதைவிட முக்கியம் அதை வழிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் தொட்டி அழகாக இருந்தது, பல மாதம் யாரும் திறக்கவில்லை, மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கொழுப்பு இறுகி, வரும் எண்ணெயெல்லாம் அதற்கு அடியில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பின்சந்தில் இருந்த ஆறு வீட்டில் கழிவறை பொங்கியது. வாரம் ஒருமுறை வழித்தால் அரை மணி நேர வேலை.

செப்டிக் தொட்டி வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வண்டலை எடுக்கச் சொல்லுங்கள். பொங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் அது பொங்குவதற்கு வெகு முன்பே வண்டல் வெளியே போக ஆரம்பித்திருக்கும். கழிவறைக்கு ஆசிட்டும் பிளீச்சும் குடம் குடமாக ஊற்ற வேண்டாம், தொட்டிக்குள் தின்ன வேண்டிய உயிர்களைக் கொல்வதுதான் மிச்சம். முக்கியமாக, சோதனையில் நிறம் வந்துவிட்டது என்று சமையலறைக் குழாயை நீங்களே செப்டிக் தொட்டிக்குள் விடாதீர்கள். அந்த அளவு தண்ணீருக்கு அதைக் கட்டவில்லை, வண்டலைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் எண்ணெயையும் சோற்றுப் பருக்கையையும் சிங்கிலேயே தடுப்பதுதான் வழி. வீட்டின் முன் பொதுக் கழிவுக் குழாய் இருந்தால் அதில் சேர்க்கலாம், உரிமம் பெற்ற குத்தகையாளர்தான் செய்ய வேண்டும்.

கரையில் நின்று பார்ப்பது

லோஜி ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள உள்ளே போகத் தேவையில்லை. சுத்தம் செய்த நீர் வெளியே விழும் குழாயைக் கண்டுபிடியுங்கள், வழக்கமாக வேலிக்குப் பின்னால் பாரிட்டிலேயே இருக்கும். ஒரு கண்ணாடிப் போத்தலைக் குச்சியில் கட்டிப் பிடித்து, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மங்கலான மஞ்சள் தெளிவு பரவாயில்லை. பழுப்புத் திப்பி மிதந்தால் வண்டல் தப்பிக்கிறது. சாம்பல் நிறத்தில் பால் போல இருந்து வாடை அடித்தால் காற்றுத் தொட்டி வேலை செய்யவில்லை. பிறகு குழாய்க்குக் கொஞ்சம் மேலேயும் கீழேயும் ஆற்றைப் பாருங்கள்: கற்களில் சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி படர்ந்திருக்கிறதா, விடியற்காலையில் மீன்கள் வாயை மேலே நீட்டிக் காற்றுக்குத் தவிக்கின்றனவா. விடியல்தான் சரியான நேரம், இரவு முழுக்கப் பாசி ஆக்சிஜன் தருவதில்லை, அப்போதுதான் அளவு மிகக் குறைந்திருக்கும். நீர் தெளிவாக இருந்தாலும் கையை நன்றாகக் கழுவுங்கள், அங்கே குளிக்கவோ பிள்ளைகளை இறக்கவோ வேண்டாம். ஆற்றுக்குத் தகுந்த நீர் அது, கிருமி முழுக்க இறந்த நீர் இல்லை.

சரியில்லை என்று பட்டால் போத்தலை வெள்ளைத் தாள் முன்னால் வைத்து, தேதியும் நேரமும் இடமும் தெரிய மூன்று நாள் தொடர்ந்து படம் எடுங்கள். ஒரு நாள் படத்துக்கு "மழை பெய்திருக்கும்" என்று பதில் வரும், மூன்று நாள் படத்துக்கு ஆள் வருவார். மேன்ஹோல் பொங்கினால் இண்டா வாட்டருக்கு, ஆறு மாசுபட்டால் சுற்றுச்சூழல் துறைக்கு 1-800-88-2727-ல், லோங்காங் அடைத்தால் நகராண்மைக் கழகத்துக்கு. மூன்று பேரிடமும் ஒரே புகாரைக் கொடுத்தால் மூன்று பேரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள், அது நான் ஏழு வாரம் காத்திருந்து கற்றது.

எங்கள் வரிசையில் பொதுக் குழாய் வாசலிலேயே போகிறது. குத்தகையாளர் சிங்குக்குக் கீழே எண்ணெய் பிடிக்கும் சின்னப் பெட்டி வைத்து, குழாயைத் திருப்பிச் சேர்த்து, லோங்காங் பக்கத்து ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தார். அன்று சாயங்காலம் பச்சைக் கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றினோம். மகள் லோங்காங் ஓரத்தில் குந்தியிருந்து பத்து நிமிடம் பார்த்தாள், நிறம் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து என்ன செய்கிறோம் என்று கேட்டார், மிச்சப் பவுடரைக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை அவர் வீட்டில் ஊற்றிப் பார்க்கிறோம்.